பறவையும் மணியும்: படகில் புகுந்த நச்சுக்காற்றின் வரலாறு

தமிழில் கரியமில வாயு என்று நாம் வழங்கிவருவது கார்பன் டை ஆக்சைடை. நாம் வெளிவிடும் மூச்சில் இருப்பது அது. அதன் உடன்பிறப்பான கார்பன் மோனாக்சைடுக்கு மக்கள் வழக்கில் ஒரு பெயர் இன்னும் வேரூன்றவில்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோரும் உளர். பெயரறியாப் பகைவனை அடையாளம் காண்பது எளிதன்று. இந்தப் பகைவனுக்கோ நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

விறகு, பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு என எதுவாயினும், போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போது இவ்வாயு பிறக்கிறது. மூச்சுவழி உட்புகுந்ததும், குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு இதனைப் பற்றிக்கொள்கிறது. இவ்வுண்மையை 1850-களில் ஆராய்ந்து விளக்கியவர் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் கிளாட் பெர்னார்டு. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை முதல் அறிகுறிகள். அடுத்துக் குலைவது அறிவு. தனக்கு நேரும் தீங்கை உணரவேண்டிய மனமே மயங்கிவிடுவதால், எழுந்து வெளியேற வேண்டும் என்ற எண்ணம்கூட எழுவதில்லை. ஆகவே, இவ்வாயுவிடமிருந்து தப்பிய மனிதரின் வரலாறு, தமக்குப் புறத்தே ஒரு சாட்சியைத் தேடிய வரலாறாகவே அமைந்தது.

முதற் சாட்சியைத் தந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன். இவ்வாயுவைத் தாமே முகர்ந்து, தம் நிலை தடுமாறுவதைக் குறித்துவைத்து, 1895-இல் அந்த ஆய்வை வெளியிட்டவர் அவர். மறு ஆண்டு ஜனவரியில் தெற்கு வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து 57 பேர் இறந்தனர். உடல்களை ஆராய்ந்த ஹால்டேன், பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பன்று, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடே என்று நிறுவினார். சிறிய உயிர்கள் விரைவாக மூச்சுவிடுவதால் மனிதருக்கு முன்னரே மயங்கும் என்பதால், அவற்றைச் சுரங்கத்துக்குள் எடுத்துச்செல்லுமாறு பரிந்துரைத்தார். இவ்வாறு கேனரிப் பறவை சுரங்கத் தொழிலாளரின் தோழனாயிற்று. பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அப்பறவைகளுக்குப் பதிலாக மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தும் முடிவு அறிவிக்கப்பட்டது.

சுரங்கம் மூடுண்ட இடம். படகோ காற்று வீசும் திறந்தவெளியில் மிதப்பது. அங்கு இவ்வாயுவுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அந்த எண்ணமே பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில், கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணையால் உருவான பெரும் நீர்த்தேக்கம் பவல் ஏரி. கோடையில் குடும்பம் குடும்பமாகப் படகு வீடுகளில் தங்குவது அங்கு வழக்கம். குளிர்சாதனத்துக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் மின்சாரம் தருவது படகிலுள்ள பெட்ரோல் ஜெனரேட்டர். அதன் புகையை நீரோடு கலந்து, குளிரவைத்து, ஓசையடக்கி வெளியேற்றுவர். நீர் புகையின் சூட்டைத் தணிக்கும், இரைச்சலையும் குறைக்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடு நீரில் பெரிதும் கரைவதில்லை. பல படகுகளில் இப்புகை, பின்புறத்தில் நீந்துவோர் ஏறியிறங்கும் மேடையின் அடியிலிருந்த குழிவான இடத்தில் சென்று தேங்கியது.

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 11 வயதும் 8 வயதுமான சகோதரர் இருவர், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த படகு வீட்டின் பின்புறம் நீந்தியபோது இறந்தனர். தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தினர் அவ்வாண்டே அங்கு சென்று, அத்தகைய படகுகளில் மேடையடிக் காற்றை அளந்தனர். பத்து இலட்சம் பங்கு காற்றில் 1,200 பங்கு இவ்வாயு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அவர்களது வரையறை. அங்கோ 30,000 பங்கு வரை இருந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, 1990 முதல் 2000 வரை அவ்வோர் ஏரியில் மட்டும் படகுகளில் இவ்வாயுவால் பாதிக்கப்பட்டோர் 111 பேர் எனத் தெரியவந்தது. நீரில் மூழ்கி இறந்ததாக எழுதப்படும் சாவுகளில் சிலவற்றின் உண்மைக் காரணம் இவ்வாயுவாக இருக்கக்கூடும் என்ற தெளிவு அதன்பின்னரே பரவலாயிற்று. அக்குழிவுள்ள படகுகளைத் திரும்பப்பெற்றுத் திருத்தும் பணி 2001-இல் தொடங்கியது. புகையைக் கூரைக்கு மேலே கொண்டுசெல்லும் குழாயும் ஆய்ந்து பரிந்துரைக்கப்பட்டது. ஓடும் படகின் பின்மேடையைப் பற்றிக்கொண்டு நீரில் சறுக்கும் விளையாட்டைக் கலிபோர்னியா 2004-இல் இயற்றிய சட்டத்தால் தடைசெய்தது.

படகின் உள்ளறையிலும் இக்கதை தொடர்ந்தது. இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரியில் 2013 ஏப்ரல் 1 அன்று, மோட்டார் படகில் உறங்கிய தாயும் 10 வயது மகளும் இறந்தனர். எஞ்சின் அறையில் வைத்திருந்த ஜெனரேட்டருக்குக் கைவேலையாகப் பொருத்திய புகைக்குழாய் கழன்றிருந்தது. அப்படகில் இவ்வாயுவை உணரும் கருவி இருந்தது. ஆனால் இணைப்புத் துண்டிக்கப்பட்ட நிலையில் இருந்ததால் அது ஒலிக்கவில்லை. 2014 ஜனவரியில் விட்பி துறைமுகத்தில், கடலிலிருந்து களைத்துத் திரும்பிய மீனவர் இருவர், குளிருக்காக எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் படகிலேயே உறங்கினர். மறுநாள் அவர்கள் விழித்தெழவில்லை. அப்படகில் எச்சரிக்கை மணியே இல்லை.

பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில், படகுப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உட்பட்ட, தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாயிற்று. அருகருகே கட்டப்பட்ட படகுகளில் ஒருவர் மூட்டிய நெருப்பின் புகை மற்றவரின் அறைக்குள் புகக்கூடும் என்பதும் அதற்கொரு காரணம். ஆகவே என் படகு, என் விருப்பம் என்ற வாதம் இங்குச் செல்லுபடியாகவில்லை.

இந்த மணி செயல்படும் முறை சிந்தனைக்குரியது. உள்ளிருக்கும் மின்முனையில் இவ்வாயு படும்போது சிறிதளவு மின்னோட்டம் எழுகிறது. அதைக்கொண்டு கருவி அளவைக் கணிக்கிறது. ஐரோப்பியத் தரத்தின்படி பத்து இலட்சத்தில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடங்களுக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடங்களுக்குள்ளும் அது ஒலிக்கவேண்டும். அதாவது, குருதியில் நஞ்சு ஏறும் வேகத்தைக் கணக்கிட்டே அதனை அமைத்திருக்கின்றனர். படகின் அசைவையும் அதிர்வையும் தாங்கவல்ல கருவிகளுக்கெனத் தனித்தரமும் உண்டு. கருவியின் ஆயுள் சில ஆண்டுகளே. காலாவதி நாள் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும்.

படகுப் பயணத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் கடல்நோய் என்று எண்ணிப் படுத்துக்கொள்வது இயல்பு. ஒரே அறையில் இருப்போர் பலருக்கும் ஒருசேர அவை வந்தாலோ, வெளிக்காற்றில் நின்றதும் தணிந்தாலோ, ஐயுறவேண்டியது இவ்வாயுவையே. மணி ஒலித்தால் காரணம் தேடி உள்ளே நிற்றலாகாது. எல்லோரையும் திறந்தவெளிக்குக் கொணர்ந்து, இயலுமாயின் எஞ்சினையும் அடுப்பையும் அணைத்து, மருத்துவ உதவியை நாடவேண்டும். உறங்கப்போகுமுன் மணியின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்கு ஒரு நொடியே பிடிக்கும்.

சுரங்கத்துக்கென வடிவமைத்த கேனரிக் கூண்டு ஒன்றில் சிறியதோர் ஆக்சிஜன் உருளையும் இணைந்திருந்தது. மயங்கி விழுந்த பறவையை மீண்டும் உயிர்ப்பிக்க அது உதவியது. தமக்காக மயங்கிய உயிரைக் காக்கவும் அம்மனிதர் வழிசெய்திருந்தனர். பறவை சாய்ந்தால் அதன் சொல்லை ஐயுறாது வெளியேறினர். உயிரற்ற மணிக்கு அந்த மதிப்பை நாம் தருவதில்லை. அடுக்களைப் புகைக்கு ஒருமுறை வீணாக ஒலித்துவிட்டால் எரிச்சலுற்று அதன் மின்கலத்தைக் கழற்றிவிடுகிறோம். வின்டர்மியரில் சாட்சி உடனிருந்தது. பேசும் நிலையில் அது வைக்கப்பட்டிருக்கவில்லை.