ஆங்கில மரபுத்தொடர்களும் வில்லியம் டின்டேலும்

ஒரு மொழியின் மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு உணர இயலாது. அவை பிறந்த வரலாற்றையும் அறிந்தாலன்றி அவற்றின் முழுப்பொருள் விளங்காது. ஆங்கிலேயர் அன்றாடம் வழங்கும் தொடர்கள் பலவற்றின் பின்னே வில்லியம் டின்டேல் என்னும் மொழிபெயர்ப்பாளரின் வாழ்வும் சாவும் மறைந்துள்ளன.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இங்கிலாந்தில் திருச்சபையின் இசைவின்றி விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. இலத்தீன் கற்றோர்க்கே மறைநூல் உரியதாயிற்று. ஏரோட்டும் சிறுவனும் அதனை அறிதல் வேண்டும் என்பது டின்டேலின் வேட்கை. 1523-இல் அவர் இலண்டன் ஆயர் கத்பர்ட் டன்ஸ்டலின் ஆதரவை நாடினார், அது கிட்டவில்லை. மறு ஆண்டே தாய்நாட்டை நீங்கினார். கிரேக்க மூலத்தினின்று அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1526-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சேறியது. துணிப்பொதிகளுள் மறைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட படிகளை அதே ஆயர் தீக்கிரையாக்கினார். அப்பதிப்பில் இன்று எஞ்சியவை மூன்றே படிகள்.

நூல் எரிந்தது, சொல் எரியவில்லை. ஆரவாரமின்றி நேர்மையாய் வாழும் நல்லோரை ஆங்கிலேயர் 'சால்ட் ஆஃப் தி எர்த்', அதாவது மண்ணின் உப்பு, என்பர். காலத்தின் போக்கைக் காட்டும் நிகழ்வுகளைச் 'சைன்ஸ் ஆஃப் தி டைம்ஸ்' என்பர். இவை டின்டேலின் பெயர்ப்பில் இடம்பெற்ற தொடர்களே.

சில தொடர்கள் காலப்போக்கில் பொருள் திரிந்தன. 'தமக்குத் தாமே சட்டம்' எனப் பொருள்படும் 'எ லா அன்டு தெம்செல்வ்ஸ்' என்பது, எழுதிய சட்டம் இல்லாதிருந்தும் இயல்பாகவே நன்னெறி நிற்போரைக் குறித்தது. இன்றோ, எவ்விதிக்கும் கட்டுப்படாதோரைக் குறிக்கிறது. புகழ்ச்சி இகழ்ச்சியாயிற்று.

1530-இல் எபிரேய மூலத்தினின்று ஐந்நூலைப் பெயர்த்தபோது 'ஸ்கேப்கோட்' என்னும் சொல்லை டின்டேல் புதிதாகப் படைத்தார். பாவநிவாரண நாளில் ஈர் ஆடுகளுள் ஒன்று பலியிடப்படும். மற்றொன்றின் தலைமீது மக்களின் பாவங்களைச் சுமத்தி, உயிருடன் பாலைநிலத்துக்கு ஓட்டிவிடுவர். 'தப்பிச்செல்லும் ஆடு' என்பதே சொற்பொருள். பிறர் பழியைச் சுமப்போர்க்கு இன்று இது பெயராயிற்று. தமிழில் இதற்கு ஈடாக வழங்கும் 'பலிகடா' உயிர்விடும் ஆட்டைக் குறிக்கிறது. ஆங்கிலச் சொல்லின் ஆடோ உயிர்பிழைத்தது. ஒருபொருட் சொற்கள் எனத் தோன்றுபவற்றினிடையே இத்துணை வேறுபாடு உளது.

ஆளும் தரப்பினரைச் சற்றே எள்ளலுடன் சுட்டும் 'தி பவர்ஸ் தட் பி' என்பதும் அவர் தந்ததே. நடப்பில் உள்ள அதிகாரங்கள் என்பது அதன் பொருள். அவ்வதிகாரங்களே அவர் உயிரைக் குடித்தன. 1535-இல் ஆண்ட்வெர்ப் நகரில் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறைப்பட்ட டின்டேல், சமயப் பகைவர் எனத் தீர்க்கப்பட்டு, 1536 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸை அடுத்த வில்வோர்டில் கழுத்து நெரிக்கப்பட்டுப் பின் எரியூட்டப்பட்டார்.

மூன்றாண்டுகளில் காட்சி மாறியது. எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணைப்படி தேவாலயங்களுக்கென 1539-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் டின்டேலின் பெயர்ப்பு பெரிதும் இடம்பெற்றது. அவர் பெயர் இடம்பெறவில்லை. 1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளியான பெயர்ப்பும் புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதியை அவரிடமிருந்தே பெற்றது. அதன்வழி அவர் தொடர்கள் மக்கள் நாவில் நிலைத்தன.

மரபுத்தொடரை வழங்குவோர் அதனைத் தந்தவரை நினைப்பதில்லை. ஏரோட்டும் சிறுவனுக்காக எழுதியவருக்கு, அவர் சொற்கள் அச்சிறுவனின் சொந்தச் சொற்களாகிவிட்டமையே உரிய நினைவுச்சின்னம் எனலாம்.