5 டாலர், 2 மணி நேரம்... என்ன செய்வீர்கள்?

உங்கள் குழுவிடம் ஓர் உறை தரப்படுகிறது. உள்ளே 5 டாலர். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டமிடலாம். ஆனால் உறையைத் திறந்துவிட்டால் 2 மணி நேரம்தான். அதற்குள் முடிந்தவரை சம்பாதிக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறு விற்கலாமா? கார் கழுவலாமா? நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது அதுதானே!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் தொழில்முனைப்பு கற்பித்த டீனா சீலிக், தம் வகுப்பிலிருந்த 14 குழுக்களுக்குக் கொடுத்த வேலை இது.

என்ன நடந்தது?

அதிகம் சம்பாதித்த குழுக்கள் அந்த 5 டாலரைத் தொடவே இல்லை!

- ஒரு குழு, கூட்டம் நிறைந்த உணவகங்களில் முன்பதிவு செய்தது. வரிசையில் நிற்க விரும்பாதவர்களிடம் அந்த இடத்தை விற்றது.

- இன்னொரு குழு சைக்கிள் டயரில் காற்று போதுமா என்று இலவசமாகச் சோதித்தது. காற்றடிக்க 1 டாலர். பிறகு கட்டணத்தை விட்டுவிட்டு, விருப்பப்பட்டதைத் தரச் சொன்னது. வருமானம் கூடியது.

- முதலிடம் பிடித்த குழு, வகுப்பில் பேசத் தனக்குக் கிடைத்த 3 நிமிடத்தை ஒரு நிறுவனத்திடம் விற்றது. அந்த மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய நிறுவனம் அது. விலை: 650 டாலர்!

புத்தகத்தில் படித்தால் போதாதா?

போதாது. வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் சைக்கிள் குழு, மக்களை நேரில் பார்த்த பிறகுதான் விலையை மாற்றியது. செய்து பார்ப்பது, கவனிப்பது, மாற்றுவது. பாடம் அதில்தான்.

குழு எதற்கு?

தனியாக இருந்தால் முதல் யோசனையோடு நின்றுவிடுவோம். குழுவில், "ஏன் அப்படி?" என்று கேட்க ஒருவராவது இருப்பார்.

சிங்கப்பூரில்?

2002இல் தொடங்கிய ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி, இதே போக்கில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒரு நாளுக்கு ஒரு பிரச்சினை. மாணவர்கள் சிறு குழுக்களாக அலசி, அன்றே தீர்வைப் படைத்தார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. ஒருவரே எல்லா ஸ்லைடையும் செய்துவிட்டு, மற்றவர்கள் பெயர் மட்டும் போட்டுக்கொண்டால் அது குழுக் கற்றல் இல்லை. உங்களுக்கும் அந்த அனுபவம் இருக்கும்! முதல் நாளே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அதை எழுதி வையுங்கள்.

அடுத்த புரொஜெக்ட்டில், நம்மிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று உடனே எண்ணாதீர்கள். யாருக்கு என்ன சிரமம் என்று முதலில் போய்ப் பாருங்கள்.