யாழ்ப்பாணப் பாடசாலைகளில் உளநலம்: போர் கற்பித்ததும் கற்பிக்காததும்

1995 செப்ரெம்பர் 22 ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பாடசாலை மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து மாணவர்கள் பலர் மாண்டனர். அடுத்த மாத இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. பாடசாலைக் கட்டடங்கள் அகதிமுகாம்களாயின. மீண்டும் வகுப்புகள் தொடங்கியபோது உறவை இழந்த பிள்ளையும் ஊரை இழந்த ஆசிரியரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர்.

அன்று குடாநாட்டில் இருந்த மனநல மருத்துவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். பிள்ளைகள் வைத்தியசாலைக்கு வருவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1987 இல் தொடங்கிய சாந்திகம் நிறுவனமும் 1993 இல் வெளிவந்த 'மனவடு' நூலும் அந்த உணர்வின் விளைவுகள். திடீரென மௌனமாகும் பிள்ளை, காரணமின்றிச் சண்டைபிடிக்கும் பிள்ளை, தலையிடி என்று அடிக்கடி வீடு செல்லும் பிள்ளை ஆகியோரைச் சோம்பேறி என்றோ குழப்படிக்காரர் என்றோ ஒதுக்காமல் இனங்காண ஆசிரியர்களைப் பழக்குவதே வழியாயிற்று. வறுமையில் பிறந்த வழிதான்; ஆயினும் நல்ல வழி.

போர் ஒன்றே காரணம் என்ற எமது எண்ணத்தை ஆய்வொன்று அசைத்தது. ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடகிழக்கின் 296 தமிழ் மாணவர்களை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 82.4 வீதமானோர் போர் அனுபவம் ஒன்றையாவது கண்டிருந்தனர். வீட்டு வன்முறையை ஒருமுறையாவது அனுபவித்தோர் 95.6 வீதம்! தந்தையின் மதுப்பழக்கமும் போரின் பாதிப்பும் வீட்டில் விழும் அடியோடு தொடர்புற்றிருந்தன. ஷெல்லைப் பற்றி உரத்துப் பேசிய எமது பத்திரிகைகள் இதைப் பற்றி எவ்வளவு எழுதின என்று கேட்டால் விடை சங்கடமானது.

2012 இல் வெளியான இன்னோர் ஆய்வும் கவனிக்கத்தக்கது. வட இலங்கையின் 12 பாடசாலைகளில் 399 சிறார்களிடையே அது நடத்தப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள் கொண்ட வகுப்பறைத் திட்டம் வழங்கப்பட்டது. கட்டுக்கடங்கா நடத்தை குறைந்தது. ஆண் பிள்ளைகள் சிலவகைகளில் நன்மை பெற்றனர். பெண் பிள்ளைகளிலோ, பங்குபற்றாதோரைவிடப் பங்குபற்றியோரிடம் மனவடு அறிகுறிகள் குறைந்த அளவிலேயே தணிந்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மருந்தைக் கரைத்து ஊற்ற முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டமுடியாது.

பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்த சுற்றறிக்கை 2005 இல் வந்தது. பிரம்பு மறைந்துவிட்டதென எந்தப் பெற்றோரும் சத்தியம் செய்யமாட்டார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை விடியற்காலையில் ரியூட்டரிக்கு அனுப்புவதைத் தண்டனை என்று நாம் கருதுவதுமில்லை.

உளவளத்துணை ஆசிரியர் ஒருவரை நியமிப்பது இலகு. அவருக்குப் பாட நேரங்கள் குறைக்கப்பட வேண்டும். கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். பிள்ளை சொன்னதை அதிபரிடம்கூடத் தேவையின்றிச் சொல்லாத ஒழுங்கு வேண்டும். பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தெனில் உடனே யாரிடம் அனுப்புவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த எமது ஊர்களில், காலையில் சொன்ன வீட்டுக்கதை மாலைக்குள் சந்திக்கடைக்கு வந்துவிட்டால், அந்தப் பிள்ளை இரண்டாம் முறை வாய் திறக்கமாட்டாள்.