விழுந்த இடத்துக்குத் திரும்புதல்

1999 மார்ச்சில் வெளியாகிய 'எவர்குவெஸ்ட்' இணையவழி விளையாட்டில், புதியவர் எலிகளையும் வௌவால்களையும் கொன்றே முதற்படிகளை ஏறவேண்டியிருந்தது. அன்று இறந்தால் உடைமைகள் உடலோடு அங்கேயே கிடந்தன. வெறுங்கையோடு ஓடிச்சென்று மீட்கவேண்டியிருந்தது.

2004இல் வந்த 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' இதை இலகுவாக்கியது. ஆவியாக ஓடி உடலை அடைந்தால் போதும், பொருட்கள் பறிபோகா. ஆயினும் அன்று 40ஆம் படிவரை சவாரி விலங்கு இருக்கவில்லை, பெரும்பாலும் நடைதான்.

2019இல் அந்தப் பழைய வடிவம் 'கிளாசிக்' என மீண்டபோது நானும் விளையாடினேன். ஒரே குகையில் பலமுறை இறந்து, சலித்துக் கணினியை அணைத்தேன். மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் கேட்காமலே துணைக்கு வந்தார். பலவீனமாக இருக்கும்போதுதான் துணையின் அருமை தெரிகிறது.

"இழந்தது போதாதெண்டு இதிலையும் இழக்கிறியோ?" என்றார் அம்மா.

"இதிலை விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போகலாம் அம்மா" என்றேன்.