மேசைப் பாத்திர விளையாட்டுகளில் எளிய பாத்திர ஆக்கம்: 1974 முதல் 2020 வரை

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக்குப் பலகையும் காய்களும் கட்டாயமில்லை. நான்கைந்து பேர் கூடி உட்கார்வார்கள். ஒருவர் நடுவராக இருந்து சூழலை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து ஆடுவார்கள். விளைவு என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் பகடை உருளும். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தை ஒரு தாளில் எழுதி முடிக்க வேண்டும். அதற்குச் சில நிமிடம் போதுமா, ஒரு மாலைப்பொழுது வேண்டுமா என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். எளிமை பிற்காலத்தில் வந்த சீர்திருத்தம் என்று எண்ணத் தோன்றும். விதிநூல்களைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் உண்மை வேறு: தொடக்கமே எளிமைதான், இடையில் அது தொலைந்தது, பின்னர் வெவ்வேறு வழிகளில் மீட்கப்பட்டது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில், போர் விளையாட்டு ஆடும் குழுக்களிடையே இதன் வேர் இருக்கிறது. டேவிட் வெஸ்லி 1969-இல் நடத்திய பிரவுன்ஸ்டைன் ஆட்டத்தில் வீரர்கள் படைகளுக்குப் பதில் தனிமனிதர்களாக ஆடினர். அதில் பங்கேற்ற டேவ் ஆர்னசன் பிளாக்மூர் என்ற கற்பனை உலகை உருவாக்கினார். பின்னர் அவரும் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து எழுதிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, 1974-இல் மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக வெளிவந்தது.

அதில் பாத்திரம் பிறக்கும் முறை இதுதான்: ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டி, வரும் எண்களைக் கூட்ட வேண்டும். இப்படி ஆறு முறை செய்தால் வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம் ஆகிய ஆறுக்கும் எண் கிடைத்துவிடும். உச்ச எண்ணான 18 விழ 216-இல் ஒரு வாய்ப்புதான். போர்வீரர், மந்திரவாதி, மதகுரு என்னும் மூன்று வகைகளில் ஒன்றைத் தேர்ந்து, மீண்டும் மூன்று பகடை உருட்டிப் பத்தால் பெருக்கினால் கையிருப்புப் பொற்காசு. அதில் ஆயுதமும் தீவட்டியும் கயிறும் வாங்கிவிட்டால் நாயகர் தயார்.

இந்த வேகத்துக்கு ஒரு காரணம் அதே நூலின் போர்க் கணக்கில் இருக்கிறது. முதல்நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி ஒரே பகடையில் விழும் எண். பொதுவாக ஓர் அடியின் சேதமும் அதே போல ஒரே பகடை. 36 சேர்க்கைகளில் 21-இல் முதல் அடியே உயிரைப் பறித்துவிடும். பாத்திரம் இவ்வளவு எளிதில் சாகும் ஆட்டத்தில், புதிய பாத்திரம் உருவாக ஒரு மணி நேரம் பிடித்தால் அந்த ஆட்டக்காரர் சும்மா உட்கார்ந்திருக்க நேரும். ஆக்கத்தின் வேகமும் சாவின் எளிமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இந்தப் பிணைப்பைக் கவனிக்காமல் பின்வந்த மாற்றங்களை விளங்கிக்கொள்வது கடினம்.

1975-இல் கென் செயின்ட் ஆண்ட்ரே, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ‘டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டு, எந்த வீட்டிலும் கிடைக்கும் ஆறுமுகப் பகடை மட்டும் போதும் என்றார். 1977-இல் மார்க் மில்லரின் ‘டிராவலர்’ எதிர்த்திசையில் போனது. பாத்திரத்தின் முன்வாழ்க்கையை நான்காண்டுப் பணிக்காலங்களாகப் பகடை உருட்டியே எழுத வேண்டும். ஏதேனும் ஒரு பணிக்காலத்தில் எண் சரியாக விழாவிட்டால், ஆட்டம் தொடங்குமுன்பே பாத்திரம் இறந்துபோகும்! ஆக்கமே ஓர் ஆட்டமாக மாறிய இடம் இது. 1981-இன் ‘சாம்பியன்ஸ்’, 1986-இன் ‘கர்ப்ஸ்’ ஆகியவை பாத்திர ஆக்கத்தில் பகடையைக் கைவிட்டுப் புள்ளிகளைக் கையில் கொடுத்தன. நூறு புள்ளிகளைத் திறன்களுக்குப் பங்கிட்டு, குறைகளை ஏற்றுக் கூடுதல் புள்ளி பெறும் கணக்கு, நினைத்த பாத்திரத்தை அப்படியே வடிக்க உதவியது. ஆனால் புதிதாக வந்தவர் விதிநூல் முழுவதையும் புரட்டிய பிறகே பெயர் எழுத முடிந்தது.

மாற்று வழிகள் அதே காலத்திலேயே தோன்றின. 1984-இன் ‘பாரனோயா’ ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நகல்களாக ஆறு உயிர் கொடுத்து, மறு ஆக்கத்தின் தேவையையே குறைத்தது. 1987-இன் ‘ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டு கடத்தல்காரர், தோற்றுப்போன ஜெடாய் போன்ற அச்சுகளை முன்கூட்டியே வார்த்து வைத்தது. அதில் ஏழு பகடைகளைத் திறன்களுக்குப் பிரித்தால் வேலை முடிந்தது. கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பிரின்ஸ் வேலியன்ட்’ (1989) உடல்வலு, ஆளுமை என இரண்டே பண்புகளோடு நின்றது. பகடையும் இல்லை, நாணயம் சுண்டினால் போதும்.

எண்ணைவிடச் சொல்லை நம்பியது ‘ரிஸஸ்’. எஸ். ஜான் ராஸ் 1993-இல் சில பக்கங்களில் எழுதி இலவசமாகத் தந்த இந்த ஆட்டத்தில் மொத்தம் பத்துப் பகடை. அவற்றை மனித வார்ப்புகளுக்குப் பங்கிட வேண்டும். ‘ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் 4, சமையல்காரர் 3, சதுரங்க வெறியர் 2, நாடகக் காதலர் 1’ என்று எழுதினால் ஒரு முழு மனிதர் கண்முன் நிற்கிறார். பூட்டைத் திறக்கும் திறன், விசாரிக்கும் திறன் என்று தனித்தனிப் பட்டியல் தேவையில்லை. காவல் ஆய்வாளர் என்னென்ன செய்வார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆட்டக்காரரின் பொது அறிவையே விதியாக்கியது இதன் பெரிய கண்டுபிடிப்பு.

2000-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு திறன்புள்ளிகளும் சிறப்புத்திறன்களுமாகக் கனத்தது. அதே ஆண்டு வந்த திறந்த உரிமம், பழைய விதிகளை மீட்டெழுத விரும்பியவர்களுக்குச் சட்டவழி திறந்தது; 2006-இன் ‘ஓஸ்ரிக்’ அவ்வாறு பிறந்தது. அடுத்த தலைமுறை வெறும் மீட்பில் நிற்கவில்லை. கிறிஸ் மெக்டவலின் ‘இன்டு தி ஆட்’ ஆறு பண்புகளை மூன்றாக்கியது. உயர்ந்த பண்பெண்ணையும் உயிர்ப்புள்ளியையும் ஓர் அட்டவணையில் பொருத்தினால் பாத்திரத்தின் உடைமைகள் வந்துவிடும். எண்கள் தாழ்ந்தவருக்கு நல்ல பொருள் அமையும். கடைக்குப் போய் விலை பார்க்கும் வேலையும் ஒழிந்தது. பென் மில்டனின் ‘நேவ்’ (2018) வகைப் பிரிவையே நீக்கி, பாத்திரம் சுமக்கும் பொருளே அதன் தொழில் என்றது.

ஜான் ஹார்ப்பரின் ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ (2013) ஒரே பக்கம். பாத்திரத்துக்கு 2 முதல் 5 வரை ஓர் எண்தான். அறிவாலும் கருவியாலும் செய்வதற்குப் பகடை அதற்குக் கீழே விழ வேண்டும். உணர்ச்சியாலும் பேச்சாலும் செய்வதற்கு மேலே. ஒன்றில் வல்லவர் மற்றதில் தடுமாறுவார் என்பதை ஒற்றை எண்ணில் அடக்கிய இந்த அமைப்பு, இத்துறையில் கண்ட மிகச் சிக்கனமான வடிவம் எனலாம்.

நேவையும் இன்டு தி ஆட்டையும் இணைத்து யோகாய் கால் 2020-இல் எழுதிய ‘கெய்ர்ன்’ ஆட்டத்தின் முழு உரையும் பகிர்வுரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூல ஆசிரியரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிடும் எவரும் அதை எந்த மொழியிலும் பெயர்க்கலாம். தனி அனுமதி தேவையில்லை.