பண்டாரமும் பெண்டஹாராவும்

பெண்டஹாரி என்றால் பொருளாளர். மலேசியத் தமிழர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சுபாங் ஜெயாவில் ஒரு கோயில் நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ புதிய செயலவையை அமைத்தால், தமிழ் அறிக்கையில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எழுதுவார்கள். பதிவுக்குப் போகும் மலாய்ப் பாரத்தில் அந்த மூன்றாம் பெயருக்கு எதிரே பெண்டஹாரி என்று இருக்கும். சந்தாப் பணத்தை வாங்கி ரசீது கொடுப்பவருக்கு நாம் இன்று வழங்கும் இந்தப் பெயர், மலாக்கா அரண்மனையில் பிறந்த பதவிப் பெயர். அந்த அரசு வீழ்ந்து 500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

வேர் சமஸ்கிருதம். பாண்டம் என்றால் கலம், சரக்கு. ஆகாரம் என்றால் வீடு. சரக்கை வைக்கும் வீடு பாண்டாகாரம். பிராகிருதத்தின் வழியே தமிழுக்கு வந்தபோது நடுவில் இருந்த ககரம் கரைந்து பண்டாரம் ஆயிற்று. ராஜராஜன் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஸ்ரீபண்டாரம் என்பது கோயிலின் கருவூலம். ஓலைச்சுவடிகளைச் சேர்த்து வைத்த இடத்துக்குச் சரஸ்வதி பண்டாரம் என்று பெயர். திருவிதாங்கூரில் அரசுக்குச் சொந்தமான நிலம் பண்டாரவகை. 1865இல் வந்த பண்டாரவகைப் பாட்ட விளம்பரம் அந்த நிலத்தை உழுத குடிகளுக்கு உரிமை கொடுத்தது.

பிறகு தமிழில் இச்சொல் போன வழி வியப்பானது. கோயிலிலிருந்து மடத்துக்குப் போயிற்று. திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனத் தலைவர்கள் பண்டார சந்நிதிகள் ஆனார்கள். பூத்தொடுக்கும், பூசை செய்யும் சைவர்கள் பண்டாரங்கள் ஆனார்கள். கடைசியில் திருநீறு பூசிக்கொண்டு பிச்சைக்கு வருபவரையும் ஆண்டிப் பண்டாரம் என்றது தமிழ். பொற்குவியலுக்கு இருந்த பெயர் கையில் ஓடேந்தியவருக்குப் போய்ச் சேர்ந்தது.

மலாயில் நேர் எதிர்த்திசை. அங்கே சொல் மேலே ஏறிற்று. கருவூலம் காப்பவராக இருந்திருக்க வேண்டிய பெண்டஹாரா, மலாக்கா சுல்தானகத்தில் சுல்தானுக்கு அடுத்த ஆளாகிவிட்டார். தலைமை அமைச்சர், நீதிபதி, படை நடத்துபவர் எல்லாம் அவரே. அவர் அவ்வளவு உயரம் போனபின் கணக்கையும் கஜானாவையும் பார்க்க வேறோர் ஆள் தேவைப்பட்டார். அவருக்குப் பெங்ஹுலு பெண்டஹாரி என்று பெயர் வைத்தார்கள். இவர்களோடு காவலுக்குத் தெமெங்கோங், கடலுக்கு லக்சமானா. ராமனின் தம்பி பெயர்தான் அது. மலேசியக் கடற்படையில் இன்றும் அதுவே அட்மிரலின் பதவிப் பெயர். துறைமுகத்தை ஷாபந்தர்கள் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பந்தர் பாரசீகம், துறைமுகம் என்று பொருள். ஒலி ஒன்றுபோல் இருக்கிறதே என்று இதைப் பண்டாரத்தோடு முடிச்சுப் போடக் கூடாது.

பெண்டஹாரா தமிழ் தந்த சொல் என்று நம் மேடைகளில் சொல்வதுண்டு. என் எண்ணம் வேறு. தமிழில் கரைந்துபோன அந்த நடு எழுத்து மலாயில் ஹகரமாக நிற்கிறது. ஆகவே நம் பண்டாரமும் அவர்கள் பெண்டஹாராவும் தாயும் மகளும் அல்ல, உடன்பிறந்தவை. கப்பல் சமையற்காரரைக் குறிக்கும் பெண்டாரி என்ற மலாய்ச் சொல்லின் கதை வேறு. அது இந்திய மாலுமிகளோடு வந்தது. நாகூர், அதிராம்பட்டினம் பக்கத்தில் கல்யாண விருந்துக்குச் சமைப்பவரை இன்றும் பண்டாரி என்றே அழைக்கிறார்கள்.

சொல் தமிழ்வழி வரவில்லை என்றாலும் பதவியில் தமிழ் ரத்தம் இருந்தது. ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று நூல் அந்தக் கதையை ஒளிக்காமல் சொல்கிறது. தமிழ் முஸ்லிம் வழிவந்த துன் அலி, ஸ்ரீ நாரா டிராஜா என்ற பட்டத்தோடு பெண்டஹாராவாக இருந்தார். மலாய்ப் பிரபுக்களின் அணி அதைப் பொறுக்கவில்லை. அந்த அணியின் நாயகர் துன் பேராக், அப்போது கிள்ளானின் தலைவர். சுபாங் ஜெயாவின் ஓரமாக ஓடுகிறதே, அதே கிள்ளான் ஆற்றின் ஊர். சயாமியர் மலாக்காமீது படையெடுத்தபோது துன் பேராக் கிள்ளான் வீரர்களை மனைவி மக்களோடு அழைத்துப் போனார். ஏன் குடும்பங்களையும் கூட்டி வந்தாய் என்று கேட்டதற்கு, குடும்பம் பக்கத்தில் இருந்தால்தான் ஆண்கள் உயிரைக் கொடுத்துச் சண்டையிடுவார்கள் என்றார். சுல்தான் முசாபர் ஷாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. துன் அலி விலகிக்கொள்ள, 1456இல் துன் பேராக் பெண்டஹாரா ஆனார். 1498 வரை நான்கு சுல்தான்களிடம் பணியாற்றினார். மலாக்காவின் பொற்காலம் என்று பாடநூல்கள் சொல்வது பெரும்பாலும் அவருடைய காலத்தைத்தான்.

விலகிய துன் அலிக்கு வந்த பொறுப்புதான் பெங்ஹுலு பெண்டஹாரி. இன்றைய சங்கப் பாரத்தில் இருக்கும் அதே சொல்.

துன் அலியின் மகன் துன் முத்தாஹிர் 1500இல் பெண்டஹாரா ஆனார். திறமைசாலி, பெரும் செல்வர், உடையலங்காரத்தில் பித்துக் கொண்டவர். அப்போது மலாக்காவில் இரண்டு தமிழ் வணிகர்களுக்குள் வழக்கு: ஒருவர் ஷாபந்தராக இருந்த ராஜா முதலியார், மற்றவர் நைனா சூரதேவன். நைனா சூரதேவன் இரவோடிரவாகப் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்தார். அதை அறிந்த கித்தூல் என்பவன், தான் ராஜா முதலியாருக்குப் பட்டிருந்த கடன் தீரும் என்று அவரிடமே போய்ச் சொல்லிவிட்டான். பயந்த முதலியார் லக்சமானாவிடம் ஓடி, பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று பழி சொன்னார். 1510இல் சுல்தான் மஹ்மூத் ஷா விசாரணை இல்லாமல் துன் முத்தாஹிரையும் அவர் குடும்பத்து ஆண்களையும் கொன்றார். பொய் என்று தெரிந்தபின் கித்தூலும் முதலியாரும் கொல்லப்பட்டார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. அடுத்த பெண்டஹாராவாக வந்தவர் நடக்கவும் முடியாத ஒரு முதியவர்.

மறு ஆண்டு, 1511 ஆகஸ்ட் 24ஆம் நாள், அல்புகர்க்கின் போர்ச்சுகீசியப் படை மலாக்காவைப் பிடித்தது. 84 மொழிகள் பேசப்பட்டன என்று போர்ச்சுகீசியரான தொமே பிரெஸ் எழுதிவைத்த துறைமுகம் அது. பீரங்கியால் விழுந்தது என்பது உண்மைதான். ஆனால் பீரங்கி வருமுன்பே அந்த அரசு தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொண்டிருந்தது. இதில் நம்மவர் பங்கை மறைக்கத் தேவையில்லை. அரசவையின் பயத்தையும் பொறாமையையும் விட்டுவிட்டுப் பழியை இரண்டு வணிகர்மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை.

பெண்டஹாரா பதவி வீழ்ச்சியோடு போய்விடவில்லை. படையெடுப்புக்கு முன் மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்ச்சுகீசியக் கைதிகளுக்கு உதவிய தமிழ் வணிகர் நைனா சாத்துவை அல்புகர்க் பெண்டஹாரா ஆக்கினார். 1514இல் அதைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காத நைனா சாத்து தானே சிதை அடுக்கி அதில் இறங்கி உயிர்விட்டார். ஒரு பட்டத்துக்காக இப்படிச் செத்த மனிதரை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஜொகூரில் 1699இல் சுல்தான் கொலையுண்டபின் பெண்டஹாரா அப்துல் ஜலீல் அரியணை ஏறினார். பகாங்கில் பெண்டஹாரா வான் அஹ்மாட் 1880களில் சுல்தான் ஆனார். 2019 முதல் 2024 வரை மாமன்னராக இருந்தவர் அந்த வழியில் வந்தவர். புத்ராஜெயாவில் நாட்டின் கருவூலத்துக்குப் பெர்பெண்டஹாராஆன் என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் சொல்வளத்துக்கு மலாயில் பெர்பெண்டஹாராஆன் காத்தா, அதாவது சொற்களின் கருவூலம். நம் சரஸ்வதி பண்டாரமும் அதுவே.

மீண்டும் சுபாங் ஜெயாவுக்கு வருவோம். இந்த நகர் எழுந்த மண் சீஃபீல்டு ரப்பர்த் தோட்டம். 1976இல் நகர் கட்டத் தொடங்குமுன் அங்கே ஒரு முழுச் சமுதாயம் வாழ்ந்தது. அதற்கும் பதவிப் பெயர்கள் இருந்தன. கங்காணி தமிழ். மண்டோர், மலாக்காவைப் பிடித்த அதே போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல். மலாக்காவின் சொற்களை ‘செஜாரா மெலாயு’ காப்பாற்றிவிட்டது. தோட்டத்துச் சொற்களுக்கு அப்படி ஒரு நூல் இன்னும் வேண்டியிருக்கிறது. சீஃபீல்டில் பால்வெட்டிய தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் யாரை என்ன பெயரில் அழைத்தார்கள் என்று கேட்டு, இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.