ஏரியில் மிதந்த வானலை வாங்கி

வானொலியில் நிலையத்தைத் தேடிக் குமிழைத் திருப்பும்போது ஓர் இரைச்சல் கேட்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வினவினான். அதில் ஒரு பகுதி நம் பால்வீதியிலிருந்து வருவது என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்காகத் திரட்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

தமிழ் மண்ணில் இத்துறை வேரூன்றிய இடம் நீலகிரி. உதகை அருகே முத்தோரையில், கோவிந்த் சுவரூப் தலைமையில் அமைந்த 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி 1970இல் செயல்படத் தொடங்கியது. அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. தேர்ந்தெடுத்த மலைச்சரிவும் அதே 11 பாகை. ஆதலால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. மலையையே கருவியின் உறுப்பாக்கிய அறிவை என்னென்பது! பேரண்டம் என்றும் மாறாதது என்னும் கொள்கைக்கு எதிரான சான்றுகளை அது 1970களில் அளித்தது.

அடுத்த தேடல் முதல் விண்மீன்களின் ஒளி பற்றியது. அவ்வொளி பட்ட ஹைட்ரஜன் வாயு, 21 செ.மீ. அலைநீளத்தில் ஒரு தடயத்தை விட்டிருக்க வேண்டும். பேரண்டம் விரிந்ததால் அது இன்று சில மீட்டர் நீள அலையாக, நாம் மின்னல் பண்பலை கேட்கும் அலைவரிசைகளுக்கு அருகில் வந்து சேரும். பால்வீதியின் இரைச்சலோ அதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வலியது.

2018இல், ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வைத்த கருவியால் 78 மெகாஹெர்ட்ஸில் அத்தடயத்தைக் கண்டதாக அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தனர். அது எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கும் மேல் ஆழமாக இருந்தது. இயற்பியலையே திருத்த வேண்டுமோ என்று உலகம் பரபரத்தது.

பெங்களூரு இராமன் ஆய்வுக் கழகத்தினர் அதைச் சோதிக்க முனைந்தனர். ஆன்டெனாவின் கீழுள்ள மண் சீரற்றது. அதுவே போலித் தடயத்தைத் தோற்றுவிக்கக்கூடும். நீர் சீரானது. எனவே 2020இன் தொடக்கத்தில் 'சாரஸ் 3' என்னும் கருவியைக் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும், பின்னர் சராவதி அணையின் நீர்ப்பரப்பிலும் மிதக்கவிட்டனர். (சாரஸ் என்பது ஒரு நீர்ப்பறவையின் பெயருமாகும்!) 2022இல் வந்த முடிவு: அத்தடயம் தென்படவில்லை, முந்தைய அறிவிப்பை 95.3 விழுக்காட்டு உறுதியுடன் மறுக்கலாம்.

நம் பாடநூல்கள் "கண்டுபிடித்தார்" என்ற சொல்லோடு நின்றுவிடுகின்றன. "இல்லை" என்று சொல்வதற்காக ஏரியில் இறங்கியவர்களை எந்தப் பாடத்தில் சேர்ப்பது?

"அப்படியானால் அந்த ஒளி இன்னும் கிடைக்கவில்லையா?" என்றான் மாணவன். உறுதியாகக் கிடைக்கவில்லை. இதே கழகத்தினர் நிலவைச் சுற்றிவரும் கருவி ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறார்கள். நிலவின் மறுபக்கத்திற்கு நம் பண்பலைகள் எட்டுவதில்லை.